உடை தைப்பதா, ஃப்ரீ மோஷன் குவில்டிங்கா: எதில் தொடங்கலாம்?

வீட்டில் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. அம்மாவுடைய பழைய கால் மெஷினாக இருக்கலாம். அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்ததாக இருக்கலாம். ஆசைப்பட்டு வாங்கிய, மோட்டார் வைத்த வெள்ளை மெஷினாகவும் இருக்கலாம். இதுவரை சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கவும், பிரிந்துபோன தலையணை உறையைத் தைக்கவும்தான் அது பயன்பட்டிருக்கும். இனி மனதுக்குப் பிடித்த பொழுதுபோக்காக எதையாவது முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கும்போது இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று நாம் பார்த்துப் பழகியது: ப்ளவுஸ், சுடிதார், குழந்தைக்குப் பாவாடை சட்டை என்று உடை தைப்பது. இன்னொன்று இப்போது வீடியோக்களில் நிறையப் பார்க்கிற ஃப்ரீ மோஷன் குவில்டிங்.

நான் இரண்டையும் செய்கிறேன். எதை எடுப்பது என்று கேட்டு வருகிறவர்களிடம், எது சுலபம், எது லாபம் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: எந்த மாதிரித் தவறை உங்களால் பொறுத்துக்கொள்ள முடியும்? இரண்டு வேலையிலும் தவறு நடக்கும். ஆனால் நடக்கிற இடம் வேறு, அதன் விலையும் வேறு. அதை வைத்து முடிவெடுத்தவர்கள்தான் ஒரு வருஷம் கழித்தும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

குவில்டிங் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே ஒரே துணியோ, துண்டுகளை இணைத்த துணியோ இருக்கும். நடுவில் பஞ்சுத் தகடு. அடியில் இன்னொரு துணி. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் இருக்க, முழுப் பரப்பிலும் தையல் ஓட வேண்டும். நேர்கோடாக ஓட்டினால் அது சாதாரணக் குவில்டிங். ஃப்ரீ மோஷனில், ஊசிக்குக் கீழே எழும்பி எழும்பித் துணியைப் பின்னால் தள்ளும் பற்களை இறக்கிவிடுவோம். துணியை நகர்த்துவது இனி நம் இரண்டு கைகள்தான். முன்னால், பின்னால், பக்கவாட்டில், வட்டமாக எப்படியும் நகர்த்தலாம். ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்கும். கை போகிற போக்கில் அலையும் இலையும் கூழாங்கல் வடிவமும் இறகும் துணியில் விழும்.

இதைப் புது வித்தை என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. நம் ஊர் டெய்லரிங் வகுப்புகளில் வெகுகாலமாகச் சொல்லிக்கொடுக்கும் மெஷின் எம்பிராய்டரியும் இதே கைவேலைதான். துணியை அழுத்திப் பிடிக்கிற ‘பூட்’ என்ற உலோகப் பாதத்தைக் கழற்றி, துணியை வளையத்தில் இறுக்கி, கால் மெஷினிலேயே ரோஜாவும் கொடியும் போடுகிற அக்காக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் மூன்றடுக்குத் துணியைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வளையம் செய்கிற வேலையை இங்கே நடுவில் இருக்கும் பஞ்சு செய்கிறது. துணியை அது விறைப்பாக வைத்துக்கொள்ளும்.

சரி, தவறு எங்கே நடக்கிறது என்பதற்கு வருவோம்.

உடை தைப்பதில் பெரிய தவறுகள் கத்தரியில் நடக்கின்றன. மெஷினில் உட்காருவதற்கு முன்பே உடையின் தலைவிதி பாதி முடிவாகிவிடும். ப்ளவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் நாலில் ஒரு பங்கு 9. அதோடு தளர்வுக்குக் கொஞ்சம், உள் தையலுக்குக் கொஞ்சம். இதுவரை கணக்கு. இதற்குப் பிறகு வருகிற கைக்குழி வளைவு கணக்கு மட்டும் இல்லை. முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிட உள்வாங்கி வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி வெட்டினால் அக்குள் பக்கத்தில் துணி குமியும். கைத்துண்டுக்கும் முன், பின் உண்டு. இரண்டு கைகளையும் ஒன்றுக்கொன்று எதிராக மடித்து வெட்டாமல் விட்டால், இரண்டும் வலது கைக்கே பொருந்துகிற மாதிரி வந்து நிற்கும். கழுத்தைக் கால் அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டால், பட்டி வைத்துத் திருப்பும்போது தையலுக்குள் இன்னும் கொஞ்சம் போய், ஷோல்டர் நழுவத் தொடங்கும்.

நம் டெய்லர்கள் இதற்கு ஓரளவு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விடுவார்கள். உடம்பு போட்டால் ஒரு வரி தையலைப் பிரித்தால் போதும், அதே ப்ளவுஸ் இன்னும் சில வருஷம் வரும். அமெரிக்காவில் 1863-இல் பட்டரிக் என்பவர் அளவு வாரியாகக் காகித வடிவங்களை விற்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த முறை வேறு. அங்கே கடையில் வாங்கும் பேட்டர்னில் பெரும்பாலும் சுற்றிலும் ஒரே அளவாக ஒன்றரை சென்டிமீட்டர்தான் தையலுக்கு விட்டிருப்பார்கள். நம் முறை அதைவிட மனிதத் தன்மையுள்ளது என்பது என் கருத்து. உடம்பு மாறும் என்பதை வெட்டும்போதே ஒப்புக்கொள்கிற முறை இது. ஆனால் அந்தச் சலுகை பக்கத் தையலுக்கு மட்டும்தான். கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிடையாது. அங்கே வெட்டினால் வெட்டியதுதான்.

அதனால் உடை தைப்பதன் இன்பம் பொறுமையாகத் திட்டமிடுகிறவர்களுக்கு உரியது. துணியை முந்தின நாளே நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, நூல் நேராக ஓடுகிறதா என்று பார்த்து, சாக்பீஸில் வரைந்து, வரைந்ததை மறுபடி டேப் வைத்து அளந்து, அப்புறம் கத்தரியை எடுக்கிறவர்களுக்கு இது அருமையான வேலை. ஒரு கணக்குச் சரியாக வந்த திருப்தி அதில் இருக்கிறது. விலை உயர்ந்த துணியை வெட்டும் முன்னால் காடாத் துணியில் ஒரு முறை வெட்டிப் போட்டுப் பார்ப்பதைச் சலிப்பாக நினைக்காதவர்கள் இதில் வெகுதூரம் போகலாம்.

படைப்பு என்றால் டிசைன் வைத்த கழுத்தும் குஞ்சமும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பெரியம்மாவுக்குத் தோள்பட்டையில் அறுவை நடந்த பிறகு கையை மேலே தூக்க முடியவில்லை. கடையில் கிடைத்த எந்த நைட்டியையும் தலைவழியாகப் போட முடியாது. ஒரு பக்க ஷோல்டரையும் அதே பக்கத்துக் கைத் தையலையும் திறந்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் பட்டி வைத்து, மெல்லிய வெல்க்ரோ ஒட்டித் தைத்தேன். கையை அசைக்காமலே, படுத்தபடியே போட்டுவிட முடிந்தது. வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் தோலில் படாத மாதிரி வெளிப்பட்டியில் கீழ்நோக்கி வைப்பதா, உள்பட்டியில் மேல்நோக்கி வைப்பதா என்று அன்று வெகுநேரம் யோசித்தேன். முதலாவதுதான் சரி. திறந்து கிடக்கும்போதுகூட உள்பட்டியின் மென்மையான பக்கம்தான் கழுத்தோரம் இருக்கும். ஓர் உடம்பை இவ்வளவு நெருக்கமாக நினைத்துப் பார்க்க வைக்கிற கைவேலை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு தோள் சற்று இறங்கியவர்கள், பிரசவத்துக்குப் பிறகு அளவு மாறியவர்கள், முதுகு வளைந்த பாட்டிகள் என யாருக்குமே ரெடிமேட் சரியாகப் பொருந்தாது. அந்த இடத்தில்தான் வீட்டுத் தையல் உயர்ந்து நிற்கிறது.

ஃப்ரீ மோஷனில் தவறு வேறு மாதிரி. அது ஆயிரக்கணக்கான தையல்களில் சிறுசிறு துளியாகப் பரவிக் கிடக்கும். ஒரு வளைவு கோணலாகும், ஓர் இடத்தில் தையல் நீண்டுவிடும், இன்னோர் இடத்தில் நெருங்கிவிடும். தைக்கும்போது ஒவ்வொன்றும் பூதாகரமாகத் தெரியும். முடித்து ஒரு முறை துவைத்து உலர்த்துங்கள். பருத்தித் துணி கொஞ்சம் சுருங்கி, தையலுக்கு நடுவே மேடு மேடாக எழும்பி, கோணல்களில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கோடு எங்கே பிசகியது என்று உங்களாலேயே தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எதையும் பார்க்காமல் வெட்டிவிட்டோமே என்ற பதற்றம் இந்த வேலையில் கிடையாது.

ஆனால் மன்னிக்காத தவறு இங்கேயும் ஒன்று உண்டு. அது நூல் இறுக்கம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃப்ரீ மோஷனுக்குப் போடுகிற டார்னிங் பூட் துணியை அழுத்திப் பிடிக்காது, மேலே மிதந்த மாதிரி நிற்கும். பார்த்தால் பூட் ஏற்கெனவே இறங்கியிருப்பது போலவே தெரியும். பூட் லீவரை இறக்க மறந்துவிடுவோம். லீவர் மேலே இருக்கும்வரை நூலை இறுக்கும் தட்டுகள் திறந்தே இருக்கும். மேலே தையல் ஒழுங்காக விழுகிற மாதிரி தோன்ற, அடியில் நூல் கூடு கட்டிவிடும். இன்னொன்று, வளைவு வரும்போது கை அவசரப்பட்டு இழுப்பது. அப்படி இழுத்தால் கீழ்ப்பக்கத்தில் வளைவின் ஓரமெல்லாம் கண் இமை முடி மாதிரி மேல்நூல் நீட்டிக்கொண்டு நிற்கும். நெருங்கிய சின்னத் தையல்களைப் பிரிப்பது உடையைப் பிரிப்பதைவிட நாலு மடங்கு கொடுமை. அதனால் கையகலம் தைத்ததும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

தைக்கிற விதத்தைச் சொன்னால் இதன் ருசி புரியும். லீவரை இறக்கி, ஊசியை ஒரு முறை கீழே விட்டு எடுத்து, அடியில் பாபினில் இருக்கிற நூலை மேலே இழுத்துக்கொள்கிறோம். இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நாலைந்து சின்னத் தையல் போட்டால் முடிச்சு. அப்புறம் ஊசிக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கையை விரித்து வைக்கிறோம். துணி வழுக்காமல் இருக்க விரலில் ரப்பர் பிடிப்புள்ள கையுறை போட்டால் தோள் வலி குறையும். தையலின் நீளத்தை இங்கே மெஷின் தீர்மானிப்பதில்லை. மோட்டார் ஓடும் வேகமும் கை நகரும் வேகமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. மிதி ஒரே சீராக ஓட வேண்டும், கை அதைவிட நிதானமாக நகர வேண்டும். அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையல் விழுந்தால் நல்ல தையல். கண் ஊசியில் இருக்கக் கூடாது, அடுத்துப் போகிற இடத்தில் இருக்க வேண்டும். முதல் சில வாரம் கோணல்மாணலாகத்தான் வரும். அதன் பிறகு ஒரு நாள் கை தானாகப் போகத் தொடங்கும். அந்த நாளிலிருந்து இந்த வேலையை விட மனம் வராது. கால் மெஷின் வைத்திருப்பவர்கள் இதில் பின்தங்கியவர்கள் இல்லை. மிதியைச் சீராக ஓட்டிப் பழகிய கால் பெரிய சொத்து.

மெஷின் விஷயத்தில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல்லை இறக்குகிற வசதி இருக்க வேண்டும். புது மெஷின்களில் அதற்கு ஒரு சின்ன லீவர் இருக்கும், பழைய கறுப்பு மெஷின்கள் சிலவற்றில் அடியில் திருகு இருக்கும். இரண்டும் இல்லையென்றால் பல்லை மூடுகிற தகட்டைப் போட்டு, தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தாலும் வேலை நடக்கும். டார்னிங் பூட் வாங்கும்போது உங்கள் மெஷினில் பூட் மாட்டுகிற கம்பியின் உயரத்தைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள், எல்லா பூட்டும் எல்லாவற்றிலும் பொருந்தாது. உடை தைப்பதற்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. நேர்த்தையல் மட்டும் போடுகிற மெஷினே போதும். ஓரத்துக்கு ஓவர்லாக்கைத் தெருமுனைக் கடையில் அடித்துக்கொள்ளலாம். நல்ல இஸ்திரிப் பெட்டிதான் முக்கியம். தைத்த ஒவ்வொரு தையலையும் அழுத்தி இஸ்திரி போடாத உடை எவ்வளவு நன்றாக வெட்டியிருந்தாலும் வீட்டில் தைத்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

செலவில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். ஒரு ப்ளவுஸுக்கு ஒரு மீட்டருக்குள் துணி போதும், லைனிங் அதே அளவு. குர்த்திக்கு இரண்டரை மீட்டர். கெட்டுப்போனாலும் நஷ்டம் அவ்வளவோடு முடிகிறது. குவில்டில் எல்லாமே இரண்டு மடங்கு, நடுவில் பஞ்சு வேறு. இரட்டைக் கட்டிலுக்கு ஒன்று செய்ய வேண்டுமென்றால் 44 அங்குல அகலத் துணியில் அடிப்பக்கத்துக்கு மட்டும் ஏழு மீட்டருக்கு மேல் ஆகும். நூல் தண்ணீராக ஓடும். பஞ்சு அடுக்குக்கு நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது பாலியஸ்டர்தான். பருத்தியில் வேண்டுமென்றால் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் நான் பெரும்பாலும் தேய்ந்த பருத்திப் போர்வையையோ பழைய சேலையை மடித்தோ நடுவில் வைக்கிறேன். அடிப்பக்கத்துக்குச் சென்னிமலை பெட்ஷீட்டை எடுத்தால் அகலம் தாராளமாக இருக்கும், ஒட்டுப் போட வேண்டியதில்லை. திருப்பூர்ப் பனியன் வெட்டுத் துண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அது இழுபடும், ஃப்ரீ மோஷனுக்கு ஆகாது. சுங்குடித் துணி அழகாக வரும், ஆனால் முதலில் தனியாக நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நம் வெயிலில் குவில்டை வைத்து என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சென்னையிலோ மதுரையிலோ பாலியஸ்டர் பஞ்சு வைத்த கனத்த போர்வை பெட்டிக்குள்தான் கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை என்றால் கதை வேறு. டொராண்டோவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு வருஷத்தில் பாதி நாள் பயன்படும். சமவெளியில் இருப்பவர்கள் சின்னதாக யோசிக்க வேண்டும்: குழந்தையைக் கிடத்துகிற விரிப்பு, மேசை விரிப்பு, குஷன் உறை, கைப்பை, சுவரில் மாட்டுகிற துண்டு. வீட்டு மெஷினில் ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் இடையே ஆறேழு அங்குல இடைவெளிதான் இருக்கும். அதற்குள் இரட்டைக் கட்டில் குவில்டைச் சுருட்டித் திணித்து நகர்த்துவது தோள்பட்டைக்கு ஆகாத வேலை. சின்னதாகச் செய்வதே கைக்கும் நல்லது, ஊருக்கும் ஏற்றது.

குவில்டிங்குக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே மெஷின் வேலைக்கு மதிப்பு தாமதமாகத்தான் வந்தது. கையால் தைத்தால்தான் குவில்ட் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. கென்டக்கி மாநிலத்துப் படூக்காவில் 1985-இல் தொடங்கிய போட்டிக் கண்காட்சியில், மெஷினில் குவில்ட் செய்த படைப்பு ஒன்று முதன்முதலாக உயர்ந்த பரிசைப் பெற்றது 1989-இல். கேரில் ப்ரையர் ஃபாலர்ட் சூரிய கிரகணத்தை வைத்துச் செய்தது அது. இந்த இரண்டு பொழுதுபோக்கையும் எதிரெதிராக வைப்பதே சரியில்லை என்று காட்டுகிற உதாரணமும் அங்கே இருக்கிறது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள், தேய்ந்துபோன வயல் உடைகளையே கிழித்துக் குவில்டாக்கினார்கள். அவை 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின, 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளாகவும் வந்தன. இவ்வளவு தூரம் போகாமல் பக்கத்தில் பார்த்தால், வட கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கையால் தைத்துக்கொண்டே போய் ‘கவந்தி’ என்ற போர்வையைச் செய்கிறார்கள். உடுத்தி முடித்த துணிக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுக்கிற பழக்கம் எங்கும் இருந்திருக்கிறது.

இனி யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று. உடை தைக்கத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் அது உங்கள் பொழுதுபோக்காக இருப்பது கஷ்டம். “நீதான் நல்லா தைப்பியே, இந்த ரெண்டு ப்ளவுஸையும் கொஞ்சம் அடிச்சுக் குடு” என்று நாத்தனார் வருவார், மாடி வீட்டு அக்கா வருவார், கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சித்தி வருவார். லைனிங் ப்ளவுஸுக்கு டெய்லர் கூலி ஏறிக்கொண்டே போகிற காலத்தில் அவர்கள் கேட்பதும் இயல்புதான். ஆனால் கூலியில்லாத டெய்லராகி, தைக்கிற ஆசையே விட்டுப்போன பெண்களை எனக்குத் தெரியும். ‘பிரயோஜனமான வேலை’ என்பது பெண்களுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் வெட்டும். குவில்டிங்குக்கு இந்தத் தொல்லை வராது. “இது எதுக்கு?” என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மேசையில் நீங்கள் உங்களுக்காக மட்டும் உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் இருபது நிமிஷம்தான் ஓய்வு என்றாலும், விட்ட இடத்திலிருந்து ஃப்ரீ மோஷனைத் தொடரலாம். கைக்குழி வெட்டுவதைக் குக்கர் விசிலுக்கு நடுவே செய்ய முடியாது.

அதனால் என் பரிந்துரை இப்படி. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ பொருந்துகிற உடை கிடைக்காமல் அவதிப்பட்டிருந்தால், கணக்குப் போட்டு வெட்டுவது பிடிக்குமென்றால், உடை தைக்கப் போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுக்க ஆள் கிடைப்பதே அரிது என்பதால் அவர்களுக்கும் இதுதான் முதல் வழி. ஆனால் ப்ளவுஸில் தொடங்காதீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் தையலை விடுவதற்குக் காரணம், உள்ளதிலேயே கஷ்டமான உடையை முதலில் எடுப்பதுதான். உள்பாவாடை, அப்புறம் எலாஸ்டிக் வைத்த பேன்ட், அப்புறம் கையில்லாத குர்த்தி, அதன் பிறகு கை வைத்தது, கடைசியில் ப்ளவுஸ்.

மனம் களைத்துப்போய், வரைவது மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று தேடி வந்தவர்கள் என்றால், இப்படிக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் என்பது என் அனுபவம், யோசிக்காமல் ஃப்ரீ மோஷனை எடுங்கள். ஓர் உள்பாவாடை அளவுக்கு நேர்த்தையல் வந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

ஓர் அடிச் சதுரமாகக் காடாத் துணி இரண்டு, நடுவில் பழைய பருத்திப் போர்வைத் துண்டு. கையகலத்துக்கு ஓர் ஊக்குக் குத்தி மூன்றையும் நிறுத்துங்கள், தையல் நெருங்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 14-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் என்று நூல் கோத்தால் இறுக்கம் எந்தப் பக்கம் கோளாறு என்று பார்த்தவுடன் தெரியும். மேல்நிறம் அடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் இறுக்கத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், கீழ்நிறம் மேலே வந்தால் குறையுங்கள். முதலில் பென்சிலில் காகிதத்தில் நீங்கள் தைக்க நினைக்கிற வளைவைக் கை எடுக்காமல் பலமுறை போட்டுப் பாருங்கள், பிறகு துணிக்குப் போங்கள். பழகிய சதுரங்களைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டிரண்டாக அடுக்கி ஓரம் அடித்தால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற பிடித்துணியாகும். ஆனால் அதற்கு நடுவில் இருப்பது பருத்தியாகவே இருக்க வேண்டும், பாலியஸ்டர் பஞ்சு சூட்டில் உருகிக் கையில் ஒட்டிவிடும்.